கணக்கில் வராத நாற்பது கட்டி

பேனா இருக்கா தாயி? ஒரு நிமிசம் குடு, எழுதிட்டுத் தந்துடறேன்.

பார்த்தியா, மூடியைக் கழற்றி உன் கையில வச்சுக்கிட்டுப் பேனாவை மட்டும் நீட்டுறே. தப்பில்லை. மூடியில்லாத பேனாவை எவனும் சட்டைப்பையில சொருகிட்டுப் போக முடியாதுல்ல. அங்கே பாரு, கவுன்டர்ல பேனாவுக்கு நூல் கட்டியிருக்கான். நூல் இருக்கு, பேனா இல்லை. ஒரு மூணு ரூபாய்ப் பேனாவைக் காப்பாத்தத் தெரியாத பேங்கு, என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு, சரக்கை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீருன்னு கேட்குது.

நீ நகையை வைக்க வந்தியா, திருப்ப வந்தியா? திருப்பவா! நல்லது. அப்போ மதிப்பீட்டு ஆசாரி சாப்பிட்டு வரணும். மூணரை ஆகும். எனக்கு நாலு மணி வரைக்கும் கெடு. இந்த வெள்ளைக் காகிதம் இருக்கே, மேனேஜரம்மா கொடுத்தது. 'காரணம் எழுதிக் கொடுங்க'ன்னு. காரணம்! செய்யாத களவுக்கு என்ன காரணத்தை எழுதுறது?

என் பேரு தவசிலிங்கம். பந்தல்குடி ரோட்டுல கொட்டகை. ஒட்டக மார்க் சலவைச் சோப்பு. கேள்விப்பட்டதில்லையா? எந்த ஊரு நீ? சாத்தூரா, சரி, அப்போ மன்னிக்கலாம். இந்த அருப்புக்கோட்டை வட்டாரத்துல தண்ணி உப்பு. மத்த சோப்பைப் போட்டா நுரைக்காது, திரிஞ்ச பால் மாதிரி மிதக்கும். என்னோடது நுரைக்கும். ஒரு கை தண்ணி போதும். அதனாலதான் ஒட்டகம். ஒரு தடவை பாலவநத்தத்துக்காரன் ஒருத்தன் என் சோப்பைப் போட்டு எருமையைக் குளிப்பாட்டினான். சாயங்காலம் மாட்டுத் தரகர் வந்து அதைக் காங்கேயம் காளைன்னு விலை பேசிட்டார். அப்புறம் அது பால் கறந்தப்பதான் மனுசருக்குச் சந்தேகமே வந்தது.

சிரி, சிரி. பாதியைத் தள்ளிக்கோ. நுரை விசயத்துல நான் கொஞ்சம் ஏத்தித்தான் சொல்வேன். சோப்பு விக்கிறவன் நுரையை ஏத்தாம வேற எதை ஏத்துறது? ஆனா கணக்குல மட்டும் ஏத்தவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். என் நோட்டுல ஏறாம ஒரு கட்டி கொட்டகையை விட்டு வெளியே போகாது. ஓசிங்கிற பேச்சே நம்மகிட்டே கிடையாது. என் வீட்டுக்காரி ஒருநாள் ஒரு கட்டி கேட்டா. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோன்னேன். அன்னையிலிருந்து அவ கடையில வேற கம்பெனிச் சோப்பு வாங்கித்தான் துவைக்கிறா. முப்பது வருசமா. என் வேட்டியையும் அதுலதான் துவைக்கிறா. அந்த அளவுக்குக் கண்டிப்பு.

தொழில்ல நான் ஒத்தை ஆள், கேட்டுக்கோ. எண்ணெய் காய்ச்சுறது நான், காஸ்டிக் சோடா கலக்குறது நான், கிண்டுறது நான், அச்சுல ஊத்துறது நான். மறுநாள் அது பாறையா உறைஞ்சிருக்கும். கம்பியைப் போட்டு இழுத்து ஒரு கிலோ ஒரு கிலோவா அறுக்கணும். அதுவும் நான்தான். பக்கத்துச் சைக்கிள் கடை யூசுப்பு வந்து கம்பியோட மறுமுனையைச் சும்மா பிடிச்சுக்கிடுவான். ஒரு முனையை மட்டும் பிடிச்சு இழுத்தா கம்பி கையோட வந்துடும், சோப்பு அறுபடாது. அதுக்காக. அறுக்கிறதென்னவோ நான்தான். ஆவணியில ஆயிரம் கட்டி அறுத்தப்ப ரெண்டு நாள் கடையைச் சாத்திட்டு வந்து நின்னான். உள்ளங்கையில கம்பி பதிஞ்சு ரத்தம் கட்டிப் போச்சு பாவம். மூணு பொட்டைப்பிள்ளைக்காரன், துணி சேரும்ல, பன்னெண்டு கட்டியை எடுத்துக்கிட்டுப் போடான்னேன். சரி, அதை விடு.

பேங்குப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. 'வேலையாட்கள் எத்தனை பேர்?' பதினோரு வருசமா அதுல 'இல்லை'ன்னு எழுதுறேன். எழுதும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒரு விரக்கடை விரியும்.

என்ன, உனக்குப் பேனா வேணுமா? செலான் எழுதணுமா? எழுது, எழுது. எழுதிட்டுத் திருப்பிக் கொடு. நான் இன்னும் முதல் வரிக்கே வரலை.

நடந்ததைச் சொல்றேன். ரெண்டு லட்சம் கடன், சரக்கு மேல. சரக்கு என் கொட்டகையில இருக்கும், அடமானம் பேங்குக்கு. மாசாமாசம் எவ்வளவு செஞ்சேன், எவ்வளவு வித்தேன், எவ்வளவு இருக்குன்னு எழுதிக் கொடுக்கணும். வருசத்துக்கு ஒருக்கா வந்து நிறுத்துப் பார்ப்பாங்க. போன மாசம் வந்தார் ஒரு ஆபீசர், புதுசு. கண்ணாடி, கழுத்துல அட்டை, கையில ஒரு காகித உருளை. வாசல்லேயே நின்னு மோந்து பார்த்தார். 'என்னங்க, எலுமிச்சை வாசனை அடிக்குது'ன்னார். எலுமிச்சைப் புல் எண்ணெய் சார், ஆயிரம் கட்டிக்கு அரை லிட்டர்னேன். வீட்டுல அம்மாவுக்குப் பவுடர் போட்டுத் துவைச்சுக் கையெல்லாம் வெடிச்சிருக்குன்னு அவராவே சொன்னார். நல்ல மனுசன்தான்னு நினைச்சேன். எல்லாரையும் அப்படித்தான் முதல்ல நினைச்சுத் தொலைக்கிறேன்.

நோட்டைப் பார்த்தார். ஆயிரம் கட்டி, ஆயிரம் கிலோ. விற்பனை சைபர். ஏன் சைபர்? பச்சைச் சோப்பை நான் விக்க மாட்டேன். ஈரத்தோட வித்தா ரெண்டு துவையல்ல கரைஞ்சுடும். ஒரு மாசம் அடுக்குல காயணும். காயுற சரக்குக்கு ஏது விற்பனை?

எண்ணிப் பாருங்க சார்னேன். ஆயிரத்தை எவன் எண்ணுறது, எடை போட்டுடலாம்னார். எதிர்த்த அரவை மில்லுல தராசை வாங்கிப் போட்டார். மில்லு முத்திருளாயிதான் படிக்கல்லைத் தூக்கித் தூக்கி வச்சா. நல்ல பொம்பளை. நான் எண்ணெய் எடுக்க விருதுநகர் போற அன்னைக்குப் பார்த்து மழை வரும். வந்தா ஓடிப்போய் அடுக்கு மேல தார்ப்பாயை இழுத்து மூடிடுவா. சொல்லவே வேண்டாம். இந்த ஆவணியில ஒருதடவை அவ மில்லுல மிளகாய் வத்தல் நனைஞ்சுது, என் சோப்பு நனையலை. ஆறு கட்டியைக் கையில திணிச்சு அனுப்பினேன், வேண்டாம்னு ஓடினா, துரத்திக்கிட்டுப் போய்க் கொடுத்தேன். நான் ஓடினதைப் பார்த்து ரோடே சிரிச்சுது.

எங்கே விட்டேன்? ஆங், தராசு. மொத்தம் எண்ணூத்து அறுபத்து நாலு கிலோ.

ஆபீசர் என்னைப் பார்த்தார். 'பெரியவரே, நூத்து முப்பத்தாறு கிலோ குறையுது.'

'குறையும் சார்'னேன்.

'குறையுமா?'

'காயுதுல்ல. தண்ணி போகுதுல்ல. ஈரத்துல ஒரு கிலோ, காஞ்சா ஒரு கிலோ இருக்குமா? கல்யாணம் ஆன புதுசுல உங்க எடை என்ன, இப்போ என்ன?'

அது வேற அவருக்குக் கோபம். எடை கூடியிருந்தது போல. காகித உருளையை விரிச்சு, 'சரக்கு வெளியே போயிருக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.

எனக்கு எழுபத்திரண்டு வயசுல களவாணிப் பட்டம். மறுநாள் விடிஞ்சதும் புதுசா ஊத்தியிருந்த ஒரு அச்சை உடைச்சு, பச்சைக் கட்டி ஒண்ணு அறுத்து, வாழையிலையில சுத்தி, நேரே இங்கே வந்தேன். இதே வாசல். மேனேஜரம்மா ரூமுக்குள்ள போய் மேசை மேல வச்சேன். 'அம்மா, உங்க பேங்குலதான் ஊர்லயே நம்பிக்கையான தராசு இருக்கு. தங்கம் நிறுக்கிறது. இதை அதுல நிறுங்க. உங்க சீல் வச்சு உங்க அலமாரியில வைங்க. முப்பது நாள் கழிச்சு நிறுங்க. ஒரு குந்துமணி குறையலைன்னா என் கொட்டகைச் சாவி உங்க கையில.'

அந்தம்மா என்னைப் பார்த்துச்சு, சோப்பைப் பார்த்துச்சு. சிரிப்பை அடக்கினது எனக்குத் தெரியும். 'ஆசாரியைக் கூப்பிடுங்க'ன்னுச்சு.

என் ஒட்டகம் தங்கத் தட்டுல ஏறி உட்கார்ந்துச்சு தாயி! ஆசாரி மூக்கைப் பொத்திக்கிட்டு நிறுத்தார். சரியா ஆயிரம் கிராம். நான் அறுத்தா அப்படித்தான். கூட்டம் கூடிடுச்சு. வளையல் வைக்க வந்த ஒரு அம்மா, 'இதுக்கு எவ்வளவு கடன் தருவாங்க?'ன்னு கேட்டுச்சு. கிராமுக்கு ரெண்டாயிரம்னு சொல்லி வச்சேன்.

இன்னைக்கு முப்பதாவது நாள். காலையில பதினோரு மணிக்கு மறுபடியும் ஏத்தினாங்க. நான் தட்டைப் பார்க்கலை. ஆசாரி முகத்தைத்தான் பார்த்தேன். தொள்ளாயிரம். சுத்தமா நூறு கிராம் ஆவியாப் போச்சு! கொட்டகைச் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். கையைத் தட்டினேன். அந்த ஆபீசர் அங்கேதான் நின்னார், சுவத்தைப் பார்த்துக்கிட்டு.

அதோட விட்டிருந்தா நான் இந்நேரம் வீட்டுல ஒரு தூக்கம் போட்டிருப்பேன். மேனேஜரம்மா கணக்குல புலி. கால்குலேட்டரை எடுத்துச்சு. 'நீங்க சொன்னது சரி பெரியவரே. கிலோவுக்கு நூறு கிராம் காயுது. ஆயிரம் கிலோ காஞ்சா தொள்ளாயிரம் இருக்கணும். இருந்தது எண்ணூத்து அறுபத்து நாலு. மிச்சம் முப்பத்தாறு கிலோ எங்கே? காஞ்ச கட்டிக் கணக்குல நாற்பது கட்டி.'

நாற்பது! நான் வாயைப் பிளந்துட்டேன். நாலு மணிக்குள்ள எங்கே போச்சுன்னு எழுதித் தரணுமாம். இல்லைன்னா ஃபைல் மதுரைக்குப் போகுது, 'அடமானச் சரக்கை மறைத்து விற்று விட்டார்'னு ஒரு வரியோட. அந்த ஒரு வரி போதும். கடனைத் திருப்பிக் கட்டச் சொல்வான். தீபாவளிக்கு எண்ணெய் எடுக்க முடியாது. தீபாவளிச் சரக்கு இல்லைன்னா, அந்தக் கொட்டகைக்கு நானே பூட்டைப் போட்டுட்டுச் சாவியைக் கிணத்துல எறிஞ்சுடலாம்.

நாற்பது கட்டி எங்கே போகும், நீயே சொல்லு? எலி தின்னுமான்னு யோசிச்சேன். எலி சோப்பைத் தின்னும். ஆனா நாற்பது கட்டி தின்ன எலி நுரை தள்ளாம இருக்குமா? ரோட்டுல நுரையோட ஒரு எலியை எவனும் பார்த்ததா சொல்லலை.

களவு போச்சான்னா, யாரு எடுப்பா? டீக்கடை ராக்கம்மா கண்ணு தப்பி என் வாசல்ல ஒரு காக்கா உட்கார முடியாது. நேர் எதிர்க்கக் கடை. நான் காஸ்டிக் கிண்டுறப்போ அடுப்பை விட்டு நகர முடியாது, நகர்ந்தா கெட்டுச்சு. பதினொரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, டம்ளரைக் கொண்டாந்து என் வாய்கிட்டேயே நீட்டிட்டுப் போவா. காசு கொடுத்தா முறைப்பா. 'உம்ம சில்லறையை நீரே வச்சுக்கிடும் அண்ணாச்சி, டம்ளர் கழுவச் சோப்பு இருந்தா கொடும்'பா. அவளுக்கு இந்த அச்சுல பத்து கட்டி. அது என்ன கணக்கா?

மினி பஸ் கண்டக்டர் செந்தட்டியைச் சந்தேகப்படலாம்னா, அவன் சந்தனம். என் எண்ணெய் டின்னை அவனே தூக்கி மேல போடுவான், இறக்குவான், ஒத்தைக் காசு லக்கேஜ் கேட்க மாட்டான். இந்த ஆவணியில எனக்கு இடுப்பு பிடிச்சப்போ கொட்டகை வாசல்லேயே பஸ்ஸை நிறுத்தினான். டிரைவர் வைதான். இவன் திருப்பி வைதான். எட்டு கட்டி எடுத்துப் போட்டேன் அவன் பைக்குள்ள. டிரைவருக்கு ரெண்டு கொடுடான்னேன். கொடுத்திருப்பானான்னு தெரியலை.

இது என்ன தழும்புன்னு பார்க்கிறியா? காஸ்டிக். ஆவணியில தெறிச்சுது. ஆஸ்பத்திரியில ஜெபமணி நர்ஸம்மாதான் ஒன்பது நாள் கட்டுப் போட்டுச்சு. வரிசையில நிக்கவிடாம, 'சோப்புத் தாத்தா வாங்க'ன்னு பின்வாசல் வழியாக் கூப்பிட்டுப் போகும். அதுக்கு மூணு கட்டி. வாங்க மாட்டேன்னுச்சு, ஜன்னல்ல வச்சுட்டு வந்துட்டேன்.

ஆக யாரும் எடுக்கலை. எலி தின்னலை. ஓசி கொடுக்கலை. பின்னே நாற்பது எங்கே? தராசு சரி, நோட்டு சரி, நான் சரி. அப்போ பேங்குதான் தப்பு. அப்படியே எழுதிடட்டுமா? 'காரணம்: பேங்கு.' எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு, வர்றது வரட்டும்னு...

ஏன் தாயி, ஒரு செலானுக்கா இவ்வளவு நேரம் எழுதுறே? என்ன அது, கூட்டல் எல்லாம் போடுறே?

காட்டு.

யூசுப்பு பன்னெண்டு. முத்திருளாயி ஆறு. ராக்கம்மா பத்து. செந்தட்டி எட்டு. நர்ஸம்மா மூணு. ஆக முப்பத்தொன்பது.

அடியாத்தீ.

நான் சொன்னதையா எழுதிக்கிட்டு இருந்தே? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், செலான்ங்கிறே, பேனாவைப் பிடுங்கிக்கிட்டு... நீ என்ன வேலை பார்க்கிறே? கூட்டுறவு பால் சொசைட்டியில கணக்கா! மூடியைக் கழற்றி வச்சுக்கிட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மேல என்ன தலைப்புப் போட்டிருக்கே? 'இனாம்.'

அடி. அதை அடி முதல்ல. யாருக்கு இனாம்? யார் கொடுத்தது இனாம்? தவசிலிங்கம் ஜென்மத்துல ஓசி கொடுத்ததில்லைன்னு இப்பத்தானே சொன்னேன். யூசுப்பு ரெண்டு நாள் கடையைச் சாத்திட்டு வந்து கம்பி பிடிச்சான், அவன் கை ரத்தத்துக்கு இனாம்னா எழுதுவே? ராக்கம்மா டீ இனாமா? அவ டீயில தூளும் பாலும் அவ அப்பன் வீட்டுலேர்ந்தா வருது? தார்ப்பாயை இழுக்கிறப்போ முத்திருளாயி வத்தல் நனைஞ்சுதே, அதுக்குப் பேரு என்ன?

'மாதிரி'ன்னு போடலாமா? பேங்குல ஒத்துக்கிடுவாங்கன்னா சொல்றே? மாதிரி யாருக்குத் தாயி கொடுக்கிறது, நாளைக்குக் காசு கொடுத்து வாங்கப் போறவனுக்கு. இவங்க அஞ்சு பேரும் இந்த ஜென்மத்துல காசு கொடுத்து வாங்க மாட்டாங்க. நானும் வாங்கவிட மாட்டேன். கதை ஆயிரம் சொல்வேன், காகிதத்துல பொய் எழுத மாட்டேன்.

இரு. யோசிக்க விடு.

உங்க சொசைட்டியில பால் கறக்க வர்றவனுக்குக் கொடுக்கிறதை எதுல எழுதுவே? ஆங்? கூலியில. பால் விலையிலேயே அதுவும் சேர்ந்துடுமா? எண்ணெய், காஸ்டிக் மாதிரி அதுவும் அடக்க விலையில ஒண்ணா?

அப்போ அதுதான். இந்த வெள்ளைக் காகிதத்துல எழுது: கூலி.

கூலி! திருட்டும் இல்லை, இனாமும் இல்லை, பேங்குத் தப்பும் இல்லை. ஒட்டக மார்க் சோப்பு செய்ற கூலி. காசாக் கொடுத்தா வாங்க மாட்டாங்க, சோப்பாக் கொடுத்தேன். அதுல எவனுக்கு என்ன? அந்தப் படிவத்தைக் கொண்டாரச் சொல்லு. 'வேலையாட்கள்: இல்லை'ன்னு பதினோரு வருசமா எழுதினேனே, அதை அடிச்சுட்டு 'அஞ்சு பேர்'னு போடறேன். ஒத்தை ஆள்னு சொல்லி... சரி, சொன்னேன். சொன்னா என்ன இப்போ? நெஞ்சு விரியுற விசயம்தானே இதுவும். இந்தப் பேங்குல எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க, ஒருத்தர் வத்தலை நனையவிட்டு இன்னொருத்தர் ஃபைலை மூடுவாங்களா? கேட்டுப் பாரு.

ஆனா முப்பத்தொன்பது. ஒண்ணு உதைக்குதே. அந்தம்மா கால்குலேட்டர் விடாது. நாற்பதாவது யாரு?

நானும் கொட்டகையில குளிக்கிறதில்லை. வீட்டுக்காரிக்கு... சத்தியமா இல்லை. சாமிக்கும் வைக்கலை. நாற்பதாவது...

ஏ தாயி.

அன்னைக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு மோந்து பார்த்தாரே. வீட்டுல அம்மாவுக்குக் கை வெடிச்சிருக்குன்னாரே. தராசு வர்றதுக்கு முன்னால, மனசு கேட்காம, அடுக்குலேர்ந்து ஒரு கட்டியை எடுத்து, அவர் கொண்டாந்த அந்தக் காகித உருளையிலேயே ஒரு தாளை உருவிச் சுத்தி, நான்தானே அவர் பைக்குள்ள வச்சேன்! வேண்டாம் வேண்டாம்னார். பையைத் திறந்து பிடிச்சுக்கிட்டுத்தான் வேண்டாம்னார்.

ஆத்தாடி. இருந்த சரக்குல ஒண்ணைப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் சரக்கு குறையுதுன்னு எழுதினாரா மனுசன்!

எழுது. ஆறாவது ஆளு. பேரு தெரியாது, ஆபீசர்னு போடு. அவருக்கும் கூலிதான். எதுக்கா? சோப்பை எடை போட்ட கூலி. ஒண்ணு. ஆக நாற்பது. இப்போ இந்தக் காகிதத்தை மதுரைக்கு அனுப்பச் சொல்லு பார்ப்போம். நானே தபால் தலை வாங்கி ஒட்டித் தர்றேன்.

அந்தா பியூன் கூப்பிடுறார். 'வர்றேன்யா, வர்றேன். கூலிக் கணக்கு முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லு.'

கையெழுத்துப் போட்டாச்சு. தவசிலிங்கம். கீழே இன்னொரு வரி எழுதிக்கிடறேன், இரு, பேனாவைப் பிடுங்காதே. இன்னைய தேதி. 'சாத்தூர் அம்மாவுக்கு, கணக்கெழுதின கூலி, ஒரு கட்டி.' இந்தா, பையிலேர்ந்து எடுத்துக்கோ. காஞ்சது. தொள்ளாயிரம் கிராம் இருக்கும், வேணும்னா ஆசாரி வந்ததும் தங்கத் தட்டுல வச்சுப் பார்த்துக்கோ.

வேண்டாம்னா எப்படி? கணக்குல ஏறிடுச்சு தாயி. இனி நீ எடுக்கலைன்னா எனக்கு ஒரு கட்டி கூடுதலாக் காட்டும். அதுக்கும் காரணம் எழுதச் சொல்வாங்க.

பேனாவைப் பிடி. மூடியைப் போட்டுக்கோ.